‘ஆமாம்’ இல்லாத மொழியில் கேட்பதும் பதில் சொல்வதும்

பெங்களூரில் ஒரு தமிழ் வீட்டிலிருந்து கிளம்பி ஆபீஸ் லிஃப்டுக்குள் நுழைவதற்குள் மூன்று மொழிக் கேள்விகள் காதில் விழுந்துவிடும். வீட்டில் "டிபன் ஆச்சா?" கீழே வாட்ச்மேன் "ஊட்ட ஆய்த்தா?" லிஃப்டில் யாரோ "க்யா ஆப் நாஷ்தா கர் சுகே?" முதல் இரண்டிலும் கேள்வி வாலில் இருக்கிறது, ஒரு ‘ஆ’. மூன்றாவதில் தலையில், ஒரு ‘க்யா’. முதல் இரண்டுக்கும் வரும் பதிலைக் கவனியுங்கள்: "ஆச்சு." "ஆய்த்து." அங்கே ‘ஆமாம்’ என்றோ ‘ஹௌது’ என்றோ சொன்னால் கொஞ்சம் ஒட்டாமல் நிற்கும். கேட்ட வினையையே திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம்.

கெல்டிக் சாயலில், அதாவது ஐரிஷ், வெல்ஷ் குடும்பத்து மொழிகளின் சாயலில், சொந்தமாகப் புதிதாக ஒரு கட்டுமொழி கட்டுகிறவருக்கு இந்த அரைமணி நேரமே பாதி இலக்கணம். கெல்டிக் கேள்வி இந்தியைப் போலத் தலையில் தொடங்கும். கெல்டிக் பதில் தமிழைப் போல வினையில் முடியும். இரண்டையும் சரியாகப் பொருத்தத் தெரிந்தால் மொழி பேச ஆரம்பித்துவிடும். தெரியாவிட்டால் கெல்டிக் ஒலி பூசிய ஆங்கிலம்தான் மிஞ்சும். இணையத்தில் கிடைக்கும் பல கட்டுமொழிகளுக்கு அந்தக் கதிதான்.

கெல்டிக் கட்டுமொழி என்றால் பல ரகம். வெல்ஷ் மொழியின் ஒலியமைப்பையும் முதலெழுத்து மாற்றங்களையும் எடுத்துக்கொண்டது, நாவலாசிரியர் டோல்கீன் தன் கதைகளுக்காக உருவாக்கிய சிந்தாரின். லத்தீனை வெல்ஷின் ஒலிமாற்ற வழியில் ஓட்டிப் பார்த்தால் என்ன வரும் என்று ஆண்ட்ரூ ஸ்மித் 1996-இல் தொடங்கியது பிரித்தெனிக். மூன்றாவது ரகம், இன்றைய பிரான்ஸ் பகுதியில் ஒருகாலத்தில் பேசப்பட்டு இறந்துபோன காலிஷ் என்ற கெல்டிக் மொழியை இன்றைக்குப் பேசும்படி எழுப்பப் பார்ப்பது. இந்த மூன்றாவது வேலையில் இறங்குகிறவர்கள் கேள்வி-பதிலுக்கு வந்ததும் முட்டி நிற்பார்கள். கொலினியில் 1897-இல் கிடைத்த வெண்கல நாள்காட்டி, ஷமாலியே ஊற்றில் 1971-இல் கிடைத்த ஈயத்தகடு, லார்சாக்கில் 1983-இல் கிடைத்த ஈயத்தகடு, குயவர்கள் சூளைக்கணக்கு கீறிய ஓடுகள் என்று காலிஷில் நமக்கு இருப்பது நாளும் மந்திரமும் கணக்கும். கடைக்காரரிடம் "இருக்கா?" என்று கேட்டு "இருக்கு" என்று அவர் சொல்லும் பேச்சுக்கு அவற்றிலிருந்து எடுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆகவே தீவுகளில் உயிரோடிருக்கும் உறவுகளிடம்தான் போயாக வேண்டும்: ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், வெல்ஷ், கடலுக்கு இந்தப் பக்கம் பிரான்ஸில் பிரெட்டன்.

முதல் வேலை, சொல்பட்டியலைத் திறந்து முதல் இரண்டு வரிகளை அழிப்பது. கட்டுமொழி தொடங்குகிற எல்லோரும் முதலில் போடும் இரண்டு சொற்கள் ‘ஆமாம்’, ‘இல்லை’. ஐரிஷில் இந்த இரண்டுக்கும் தனிச்சொல் கிடையாது. "அன் வில் தூ...?", அதாவது "நீ ... ஆக இருக்கிறாயா?" என்று கேட்டால், பதில் "தா", ‘இருக்கிறேன்’. மறுப்பு "நீல்", ‘இல்லை’. "அன் திகன் தூ?", புரிகிறதா என்றால் "திகிம்", ‘புரிகிறது எனக்கு’. மறுப்பு "நீ ஹிகிம்". பதில் எப்போதும் கேள்வியிலிருந்த வினையின் உருவத்தில்தான்.

தமிழ் நாக்குக்கு இது புதிதில்லை என்பதால் பலர் இங்கே வேகமாகப் போய், இரண்டு இடத்தில் சறுக்குவார்கள்.

ஒன்று, எந்த வினையைத் திருப்பிச் சொல்வது என்பது. "வந்துகிட்டு இருக்கியா?" என்றால் நாம் "வந்துகிட்டு இருக்கேன்" என்று முழுதாகச் சொல்வோம், அல்லது "வந்துகிட்டு" என்று பாதியில் விடுவோம். கெல்டிக்கில் இது நடக்காது. வெல்ஷில் "நீ வருகிறாயா?" என்ற கேள்வி ‘இரு’ என்னும் துணைவினையில் தொடங்குகிறது, ‘வருதல்’ பின்னால் வெறும் தொழிற்பெயராக நிற்கிறது. பதில் "அடூ", ‘இருக்கிறேன்’. வருதல் பதிலில் தலைகாட்டாது. விதி இதுதான்: எந்த வினை எண்ணும் இடமும் காலமும் சுமக்கிறதோ, அதாவது எது வினைமுற்றோ, அதை மட்டும் திருப்பு. பொருள் சுமக்கும் வினையைத் திருப்பினால் கேட்பவருக்கு அது பதிலாகவே தோன்றாது, புதுப் பேச்சு தொடங்கியதுபோல் இருக்கும்.

இன்னொன்று, ‘நான்’, ‘அவன்’ போன்ற மாற்றுப்பெயர். "திகிம்" என்பதில் ‘நான்’ வினையின் வாலிலேயே இருக்கிறது. அவன் விஷயத்தில் "திகன் ஷே" என்று ‘அவன்’ தனியாக வரும். ஆனால் பதிலில் "திகன்" என்று வினையோடு நிறுத்துவது வழக்கம், மாற்றுப்பெயர் உதிர்ந்துவிடும். கட்டுமொழியில் இதை முன்பே முடிவுசெய்ய வேண்டும். எல்லா இடத்துக்கும் விகுதி வைத்தால் பதில் தமிழைப் போல ஒற்றைச் சொல்லாக, பொருள் மயங்காமல் நிற்கும். விகுதி வைக்காவிட்டால் வெறும் வினை மட்டுமே பதில்; யார் என்பதைக் கேள்வியிலிருந்து கேட்பவர் எடுத்துக்கொள்வார். இரண்டும் கெல்டிக்தான். ஒரே ஓரிடத்துக்கு மட்டும் விகுதி வைத்து மற்றதை விட்டுவிட்டு, பதிலில் மாற்றுப்பெயரை ஒட்டுவதா வேண்டாமா என்று வாக்கியத்துக்கு வாக்கியம் மாறுவதுதான் கெல்டிக் இல்லை.

வெல்ஷ் இந்த ஏற்பாட்டை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். "ஒய்ஸ் காஃபி?", காபி இருக்கா? பதில் "ஒய்ஸ்", அல்லது "நாக் ஒய்ஸ்". ‘நீ இருக்கிறாயா’வுக்கு "அடூ". ‘அவர் இருக்கிறாரா’வுக்கு "அடீ". கடந்தகாலத்தில் நடந்து முடிந்ததாக எந்த வினை கேட்டாலும், யாரைப் பற்றிக் கேட்டாலும் "டோ", மறுப்பு "நாதோ". ஒரு பெயரை முன்னால் இழுத்துக் கேட்டால் "ஈயெ", மறுப்பு "நாகெ". பாடப்புத்தகத்தில் இதைப் பட்டியலாகப் பார்த்து மிரள்கிறார்கள். உண்மையில் கடந்தகாலத்து ‘டோ’தான் இதில் மொழி கட்டுபவருக்குப் பரிசு: ஒரு காலத்துக்கு மட்டும் எல்லா வினைக்கும் பொதுவான பதில். இப்படி ஒரே ஒரு குறுக்குவழி வைத்தால் மொழி பழையதாகவும் பழகியதாகவும் தெரியும். எல்லாக் காலத்துக்கும் வைத்தால் மறுபடி ‘ஆமாம்’ வந்து உட்கார்ந்துவிடும்.

அடுத்தது இரண்டு ‘இரு’க்கள். இதை நாம் பள்ளிக்கூடத்திலேயே பிரித்துப் படித்திருக்கிறோம்: ‘இல்லை’ வேறு, ‘அல்ல’ வேறு. "காபி இருக்கா?" என்பதற்கு மறுப்பு "இல்லை". "இது காபியா?" என்பதற்கு எழுத்துத் தமிழில் மறுப்பு "அன்று, இது டீ" (‘அல்ல’ என்பதன் ஒருமை). பேச்சில் ‘அல்ல’வையும் ‘இல்லை’ விழுங்கிவிட்டது. கன்னடம் இன்னும் ‘இல்லா’, ‘அல்லா’ என்று தெருவிலேயே பிரித்துப் பேசுகிறது. ஆக, பெங்களூர்த் தமிழருக்கு இந்தக் காது கொஞ்சம் கூர்மையாகவே இருக்க வேண்டும். ஐரிஷில் ‘தா’ இருத்தலைச் சொல்லும். ‘இஸ்’ இன்னது இதுவென்று சொல்லும். "அன் மூன்ச்சோர் ஹூ?", நீ ஆசிரியரா? இதற்கு "தா" என்று பதில் சொன்னால் "இது காபியா?" என்றதற்கு "இருக்கு" என்று சொன்னதுபோல. சரியான பதில் "ஷா". எழுத்தில் அது ‘இஸ் ஆ’, ‘அது ஆகும்’ என்பதன் குறுக்கம். மறுப்பு "நீ ஹா".

இங்கே சற்று நின்றுவிட்டுப் போகலாம். ‘ஆகும்’ என்பதன் குறுக்கம்தானே நம் ‘ஆம்’? அதை இரட்டித்தது ‘ஆமாம்’. ஐரிஷின் ‘ஷா’வும் தமிழின் ‘ஆமா’வும் ஒரே வழியில் பிறந்தவை: ‘ஆகு’ என்ற வினை தேய்ந்து தேய்ந்து சம்மதச் சொல்லாகிவிட்டது. லத்தீனிலும் தனி ‘ஆமாம்’ இல்லை. பிரெஞ்சின் ‘வீ’ அங்கே ‘ஹோக் இல்லே’, ‘அதை அவர்’ என்ற இரண்டு சொற்களின் எச்சம். தெற்கு பிரான்ஸில் ‘ஹோக்’ மட்டும் மிஞ்சி ‘ஒக்’ ஆனது. ஆக, உங்கள் கட்டுமொழியில் கட்டாயம் ஒரு ‘ஆமாம்’ வேண்டுமென்றால் அதைக் காற்றிலிருந்து எடுக்காதீர்கள். ‘ஆகு’ வினையையோ ‘அது’ என்ற சுட்டையோ எடுத்துத் தேயுங்கள். அது முதலில் ‘இது காபியா?’ ரகக் கேள்விக்கு மட்டுமே பதிலாக வரட்டும். மற்றவற்றுக்குப் பரவுவதை உங்கள் மொழியின் இளைய தலைமுறைப் பேச்சாக வைத்துக்கொள்ளலாம். மூத்தவர்கள் முகம் சுளிக்கட்டும்.

இனிக் கேள்வி. ஐரிஷில் வினையின் முன்னால் ‘அன்’. வெல்ஷில் ‘அ’, நம் ‘ஆ’ போலவே ஒலிக்கும், ஆனால் நிற்பது தலையில். இரண்டுக்கும் உறவில்லை, தற்செயல். அதை வைத்துக் குமரிக்கண்டம் கட்டவேண்டாம். இந்த இடைச்சொல் தனியாக வராது. பின்னால் வரும் வினையின் முதலெழுத்தை மாற்றிவிட்டுத்தான் ஓயும். இந்த மாற்றத்தைப் பார்த்துத்தான் பலர் கெல்டிக் பக்கமே வராமல் ஓடுகிறார்கள். நமக்கு அது ஓடவேண்டிய விஷயமே இல்லை.

‘பகல்’ என்று சொல்லுங்கள். நடுவிலுள்ள ‘க’, ‘கல்’ என்பதிலுள்ள ‘க’ இல்லை. உயிருக்கும் உயிருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு இளகிவிட்டது. கெல்டிக்கின் முதலெழுத்து இளகல் இப்படித்தான் தொடங்கியது, ஒரு வித்தியாசத்தோடு: முந்தைய சொல் உயிரில் முடிந்தால் அடுத்த சொல்லின் முதலெழுத்தும் இளகியது. பிறகு அந்த உயிர் உதிர்ந்துபோனது. இளகல் மட்டும் இலக்கணமாகத் தங்கிவிட்டது. இரண்டாவது மாற்றம் மூக்கொலி. ‘என் தம்பி’ என்பதை வேகமாகச் சொன்னால் ‘எந்தம்பி’ என்று அந்தத் ‘த’ இளகி ஒலிக்கும், ‘பந்து’வில் ஒலிப்பதைப்போல. முன்னால் நின்ற மூக்கொலி அடுத்த எழுத்தின்மேல் ஏறிக்கொண்டது. ஐரிஷ் ‘அன்’ செய்வதும் அதைத்தான். "அன் திகன் தூ" என்பதில் உள்ள ‘தி’ ‘எந்தம்பி’யின் ‘த’ வகை. "திகிம்" என்ற பதிலில் உள்ள ‘தி’ ‘தம்பி’யின் ‘த’ வகை. தமிழ் எழுத்து இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுவதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிகிற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு:

"அன் மீன் தூ அன்ஷோ?" (வழக்கமாக இங்கே இருப்பாயா?)
"பீம்." (இருப்பேன்.)
"நீ வீம்." (இருக்கமாட்டேன்.)

மூன்றும் ஒரே வினை. அடிச்சொல்லின் முதலெழுத்து ‘பஸ்’ என்பதில் வருகிற இளகிய ‘ப’. கேள்வி இடைச்சொல் அதை ‘ம’ ஆக்கியது, மறுப்பு இடைச்சொல் அதை ‘வ’ ஆக்கியது, உடன்பாடான பதிலில் அது தன் வடிவில் நின்றது. இதில் மீனுக்கு வேலையில்லை, காது மயங்கவேண்டாம்.

இதை வைத்து ஒரு மாதிரி மொழி கட்டிப் பார்க்கலாம். ‘பெர்’ கொண்டுவருதல், ‘மெல்’ அரைத்தல், ‘ஸெட்’ உட்காருதல், ‘பி’ இருத்தல், ‘இஸ்’ ஆகுதல். இவற்றில் வரும் ‘ப’ எல்லாம் ‘பஸ்’ பகரம்தான். விகுதி: நானுக்கு ‘-இம்’, நீக்கு ‘-இ’, அவருக்கு ‘-அ’, ‘பி’யும் ‘இஸ்’ஸும் விகுதி ஏற்காது. கேள்விக்கு ‘அன்’: ப ம ஆகும், ம-வும் ஸ-வும் மாறாது. மறுப்புக்கு ‘நி’: ப-வும் ம-வும் வ ஆகும், ஸ ஹ ஆகும்.

"அன் மெரி காஃபி?" காபி கொண்டுவருவாயா? "பெரிம்." "நி வெரிம்."
"அன் மெலி?" அரைப்பாயா? "மெலிம்." "நி வெலிம்."
"அன் ஸெடி?" உட்காருவாயா? "ஸெடிம்." "நி ஹெடிம்."
"அன் மி காஃபி?" காபி இருக்கா? "பி." "நி வி."
"அன் காஃபி?" காபியா இது? "இஸெ." "நிஸெ." (ஐரிஷின் ‘ஷா’, ‘நீ ஹா’ போல.)

கடைசி இரண்டையும் திரும்பப் பாருங்கள். ‘ஆகு’ கேள்வியில் ‘அன்’ பின்னால் நேராகப் பெயர் வருகிறது, வினை ஒளிந்துகொண்டது. ஐரிஷில் அந்த இடத்தில் ‘அன்’ முதலெழுத்தை மாற்றாது. வினைக்கு முன்னால் வந்தால் மாற்றும், ‘ஆகு’வாக வந்தால் மாற்றாது. இது பார்க்கச் சின்ன விதிவிலக்கு. ஆனால் பதில் சொல்லப்போகிறவருக்கு இதுதான் கைகாட்டி: மாற்றம் கேட்டால் வினையைத் திருப்பத் தயாராகலாம், மாற்றம் இல்லாமல் பெயர் வந்தால் ‘இஸெ’யைக் கையில் எடுக்கலாம். கட்டுமொழியில் ஒழுங்குக்காக இந்த விலக்கை நீக்குகிறவர்கள் கைகாட்டியைப் பிடுங்கிப் போடுகிறார்கள்.

எங்கே உடையும் என்பதையும் பார்த்துவிடலாம். நாளைக்கு ‘மெர்’ என்று ‘விற்றல்’ பொருளில் ஒரு வினை சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். "அன் மெரி?" கொண்டுவருவாயா, விற்பாயா? "நி வெரிம்." கொண்டுவரமாட்டேனா, விற்கமாட்டேனா? இரண்டு வினைகளும் உடன்பாட்டில் மட்டுமே வேறு. கேட்பதிலும் மறுப்பதிலும் ஒன்றாகிவிட்டன. ப-வும் ம-வும் தொடக்கமாக, மீதி ஒரே ஒலியாக இருக்கும் வினை இணைகளைச் சொல்பட்டியலில் தேடி நீக்குவது கட்டாய வேலை. பெயர்ச்சொல்லில் இந்த மோதல் அவ்வளவு தொந்தரவில்லை. பக்கத்திலிருக்கும் சொற்கள் காப்பாற்றும். ஒற்றைச் சொல் பதிலுக்குக் காப்பாற்ற யாரும் இல்லை.

அடுத்த உடைப்பு, இடைச்சொல் உதிர்வது. பேச்சு வெல்ஷில் கேள்வியின் ‘அ’ பெரும்பாலும் வாயில் வருவதில்லை. அது செய்துவிட்டுப்போன இளகல் மட்டும் மிஞ்சும். அதுவரை சரி, இளகலே கேள்விக்குறி. சிக்கல் என்னவென்றால் சாதாரண வாக்கியத்தின் முன்னால் வரும் வேறு இடைச்சொற்களும் அதே இளகலைச் செய்துவிட்டு உதிர்கின்றன. விளைவு, கேள்வியும் கூற்றும் ஒரே உருவம், குரல்தான் பிரிக்கிறது. எழுதும் மொழியாக இருந்தால் இது பெரிய தலைவலி. கேள்விக்கு ஒரு மாற்றம், மறுப்புக்கு வேறு மாற்றம், கூற்றுக்கு மாற்றமே இல்லை என்று ஐரிஷ் வழியில் வைத்தால், இடைச்சொல் போனாலும் எலும்பு நிற்கும்: "மெரி?" கேள்வி, "வெரிம்" மறுப்பு, "பெரிம்" உடன்பாடு. கட்டுமொழிக்கு ஐரிஷ் ஏற்பாடே பரிந்துரை.

கடந்தகாலத்தில் ஐரிஷ் ‘அன்’னை விட்டுவிட்டு ‘அர்’ எடுக்கும். "அர் ஹானிக் அன் புஸ்?" பஸ் வந்ததா? "ஹானிக்", வந்தது. "நீர் ஹானிக்", வரவில்லை. பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் நின்று பழக ஏற்ற வாக்கியம், பதில் பெரும்பாலும் இரண்டாவதுதான். இந்த ‘அர்’, ‘நீர்’ இரண்டிலும் உள்ள ‘ர்’ பழைய ஐரிஷின் ‘ரோ’ என்ற கடந்தகாலக் குறியின் மிச்சம்: அன்னும் ரோவும் சேர்ந்து அர், நீயும் ரோவும் சேர்ந்து நீர். அதனால்தான் ‘அன்’ மூக்கொலி ஏற்றினாலும் ‘அர்’ இளக்குகிறது. உயிரில் முடிந்த ‘ரோ’ செய்த வேலை அது. மாதிரி மொழியில் "அர் வெர்த்தி?" கொண்டுவந்தாயா? "பெர்த்திம்." "நிர் வெர்த்திம்." ஐரிஷில் 6 ஒழுங்கற்ற வினைகள் கடந்தகாலத்திலும் ‘அன்’, ‘நீ’ என்றே பிடிவாதமாக நிற்கும். மொழி நன்றாக ஓட ஆரம்பித்த பிறகு அப்படி இரண்டு மூன்றைச் சேர்க்கலாம், முதல் நாளே வேண்டாம்.

எதிர்மறைக் கேள்வியில் கெல்டிக் தமிழைவிடத் தெளிவு. "நீ வரலையா?" "இல்லை." வரவில்லையா, அல்லது ‘அப்படியில்லை, வருகிறேன்’ என்பதா? நாம் இன்னும் இரண்டு சொல் சேர்த்துத்தான் தப்பிக்கிறோம். ஐரிஷில் எதிர்மறைக் கேள்விக்கு ‘நாக்’. "நாக் வில்...?" என்றாலும் "அன் வில்...?" என்றாலும் பதில் "தா" அல்லது "நீல்". கேள்வி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் பதில் உண்மையை மட்டும் சொல்கிறது. பிரெட்டனில் எதிர்மறைக் கேள்வியை மறுத்து ‘அப்படித்தான்’ என்று சொல்ல ‘கேஓ’ என்று தனியாக ஒன்று இருக்கிறது, சண்டைக்கு வசதியான சொல். வால்கேள்வியும் இதே இயந்திரம்தான். நாம் எதற்கும் ‘இல்லையா?’ அல்லது ‘தானே?’ போட்டுவிடுவோம். ஐரிஷில் முன்னால் வந்த வினையையே ‘நாக்’ சேர்த்துத் திருப்பிக் கேட்க வேண்டும், கடந்தகாலமானால் ‘நார்’. மாதிரி மொழியில் "பெரி காஃபி, நாக் மெரி?" காபி கொண்டுவருவாய்தானே?

இப்போது பெயரை அழுத்திக் கேட்பது. தமிழில் ‘ஆ’வை எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம்: குமாரா வந்தான்? நேற்றா வந்தான்? அழுத்தம் ‘ஆ’ போன இடத்தில் விழும். கெல்டிக் இடைச்சொல்லுக்குக் கால் கிடையாது, தலையிலேயே நிற்கும். அழுத்த வேண்டிய சொல்தான் அதன் பக்கத்துக்கு வரவேண்டும், மீதி வாக்கியம் பின்னால் ஓர் எச்சமாக ஒட்டிக்கொள்ளும். "அன் காஃபி அ வெரி?" காபியையா நீ கொண்டுவருகிறாய்? சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘காபியா, நீ கொண்டுவருவது?’ நடுவிலுள்ள ‘அ’ எச்சக் குறி, அடுத்ததை இளக்கும். பதில் வினை இல்லை, ஏனென்றால் கேட்டது ‘ஆகு’ கேள்வி: "இஸெ", அல்லது "நிஸெ, டீ". வெல்ஷின் ‘ஈயெ’, ‘நாகெ’ உட்காருவதும் இந்த இடத்தில்தான். இதற்கு "பெரிம்" என்று பதில் சொன்னால், கொண்டுவருகிறேன் என்பது தெரியும், எதை என்பது அந்தரத்தில் நிற்கும்.

யார், எது, எங்கே எல்லாமும் இந்த அச்சில் வார்த்தவை. "கே அ ஹானிக்?" யார் வந்தது? நம் பேச்சிலும் "யார் வந்தது?" என்றுதான் கேட்கிறோம், ‘வந்தார்’ என்று முற்றாக்குவது குறைவு. வினாச்சொற்களின் உருவத்துக்கும் ஒரு குடும்ப வழக்கு உண்டு. தமிழில் எது, எங்கே, எப்போது, எப்படி என்று ‘எ’ வரிசை கட்டி நிற்பதுபோல, ஐரிஷில் ‘க’ வரிசை: கே, கட், கா, கஹின், கொனஸ். வெல்ஷில் அதே இடத்தில் ‘ப’ வரிசை: புய் யார், ப்ரீத் எப்போது, பம் ஏன். பழைய கெல்டிக்கின் ‘க்வ’ ஒலி ஒரு பக்கம் க ஆகவும் மறுபக்கம் ப ஆகவும் பிரிந்த கதை இது. 4, 5 என்ற எண்களின் பெயர்களிலும் அதே பிரிவு தெரியும். உங்கள் மொழி எந்தப் பக்கம் என்பதை முதலில் முடிவுசெய்து, வினாச்சொல் முழுவதையும் ஒரே எழுத்தில் தொடங்குங்கள். ‘யார்’ க-விலும் ‘ஏன்’ ப-விலும் இருந்தால் ஒட்டுவேலை என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். காலிஷ் வழி போகிறவர்களுக்குப் ப பக்கம்.

இந்த வகையில் வரும் பெரிய ஓட்டை ஐரிஷிலேயே இருக்கிறது. "கே அ கொனிக் அன் ஃப்யார்?" அந்த ஆளைப் பார்த்தது யார்? அந்த ஆள் பார்த்தது யாரை? இரண்டும் இதேதான். வினை முன்னால், பெயர் பின்னால், வேற்றுமை உருபு இல்லை. எழுவாயா செயப்படுபொருளா என்று சொல்ல வாக்கியத்தில் எதுவுமில்லை. தமிழில் ஓர் ‘ஐ’ போதும், இந்தக் குழப்பமே எழாது. அதனால்தான் தமிழர் கட்டும் மொழியில் இந்த ஓட்டை கடைசிவரை கண்ணில் படாமல் இருந்துவிடுகிறது. அடைக்க இரண்டு வழி. வெல்ஷ் ‘இரு’ வினைக்கு எழுவாய் எச்சத்தில் மட்டும் வருகிற தனி உருவம் வைத்திருக்கிறது: "புய் ஸீன் தோத்?" யார் வருவது? அந்த ‘ஸீ’ கேட்டதுமே ‘யார்’ எழுவாய் என்று தெரிந்துவிடும். மற்ற வழி, செயப்படுபொருளைக் கேட்கும்போது வினைக்குப் பின்னால் ‘அவனை’ என்ற மாற்றுப்பெயரை விட்டுவைப்பது. முதல் வழி அழகு, இரண்டாவது மலிவு.

எல்லாம் முடிந்தபின் சோதிக்க, வெளியிலிருந்து பட்டியல் தேடவேண்டாம். நன்னூல் வினாவை 6 ஆகவும் விடையை 8 ஆகவும் பிரித்து வைத்திருக்கிறது. அறிவினாவும் அறியாவினாவும் இலக்கண உருவத்தில் ஒன்றுதான், தாண்டிவிடலாம். ஐயவினாவில் நின்று பாருங்கள்: ‘காபியா டீயா?’ தமிழில் ‘ஆ’ இரண்டு தடவை வரும். கெல்டிக்கில் ‘அன்’ இரண்டு தடவை வந்தால் இரண்டு தனிக் கேள்வியாகிவிடும். நடுவே ‘அல்லது’ போட்டு ஒரே தலையில் முடிக்க வேண்டும். பதிலும் ‘இஸெ’ என்று வராது, பெயர்தான் வரும். கொளல் வினா, கடைக்காரரிடம் "மைசூர் பாக் இருக்கா?" என்பது: ‘பி’ வினை கட்டாயம், ‘இஸ்’ போட்டால் அவர் கையிலிருப்பதைக் காட்டி இது என்ன என்று கேட்டதாகிவிடும். ஏவல் வினா, "சாப்பிட்டியா?" என்று கேட்டுச் சாப்பிடச் சொல்வது: அங்கே கடந்தகால ‘அர்’ வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

விடையில் நன்னூல் நேர், மறை என்று சொல்பவற்றுக்கு உரைகள் காட்டும் எடுத்துக்காட்டுகளே ‘இது செய்வாயா?’, ‘செய்வேன்’, ‘செய்யேன்’ என்று வினையைத் திருப்புபவைதான். மாதிரி மொழி அதைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டும். சுட்டும் ஏவலும் எந்த மொழிக்கும் சுலபம். உற்றது உரைத்தலும் உறுவது கூறலும் கேள்வியின் வினையைத் தொடாமல் வேறு வினையில் பதில் சொல்பவை. "அரைப்பாயா?" "கை வலிக்கிறது." திருப்பிச் சொல்லும் மொழியில் வேறு வினை வந்ததுமே ‘மாட்டேன்’ என்று பொருள்படும், ‘நி’ தேவையில்லை. கடைசியாக, வினாவுக்கு வினாவே விடையாவது. "அன் மெலி?" "நாக் மெலிம்?" அரைப்பாயா? அரைக்காமலா? இந்த இணை வாயில் தடுக்காமல் வந்தால் இடைச்சொல்லும் மாற்றமும் விகுதியும் மூன்றும் பொருந்திவிட்டன என்று அர்த்தம். தடுத்தால் பெரும்பாலும் குற்றவாளி ‘நாக்’; அதன் முடிவெழுத்தை வினையின் முதலெழுத்தோடு சேர்த்து நான்கைந்து தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்து, வேண்டுமானால் ‘நா’ என்று குறைத்துக்கொள்ளுங்கள்.